மூன்று நியூரான், ஒரு பிரெட்போர்டு: நிகழ்தகவு நரம்பு வலையை அனலாக் சர்க்யூட்டில் கட்டும் வழி

முதல்முறை இதைக் கட்டி மின்சாரம் கொடுத்தபோது மூன்று எல்இடிகளும் அழகாக மினுக்கின. சரி, வேலை செய்கிறது என்று நம்பி மூன்று வாரம் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் எந்த நிலை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். வரவே கூடாத இரண்டு நிலைகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. மூன்று வார வேலையும் வீண்.

சாதாரண சர்க்யூட்டில் தப்பு இருந்தால் அது ஓடாது, உடனே தெரிந்துவிடும். இந்த வகை சர்க்யூட் தப்பாக இருந்தாலும் மினுக்கும், சரியாக இருந்தாலும் மினுக்கும். பார்த்துச் சொல்ல முடியாது, எண்ணித்தான் சொல்ல முடியும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் ஒரு அளவீடு இருக்கிறது. அந்த எண் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தொடங்குமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1990இல் டொனால்ட் ஸ்பெக்ட் முன்வைத்த வகைப்படுத்தும் முறைக்கும் ‘நிகழ்தகவு நரம்பு வலை’ என்றே பெயர். தேடும்போது அதுதான் முதலில் வரும். அது வேறு. நாம் கட்டப்போவது போல்ட்ஸ்மன் இயந்திரம் என்ற வகை. ஒவ்வொரு நியூரானும் +1 அல்லது −1 என்ற நிலையில் இருக்கும். மற்ற நியூரான்களிடமிருந்து வரும் கூட்டுத்தொகை, +1 ஆவதற்கான வாய்ப்பை மட்டும் கூட்டும் அல்லது குறைக்கும். கடைசி முடிவை எடுப்பது இரைச்சல்.

எடுத்துக்காட்டாக ஒரு ‘அண்ட்’ கேட் (இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 1 தரும் சர்க்யூட்) கட்டுவோம். அ, ஆ இரண்டும் உள்ளீடு, இ வெளியீடு. −1 நிலையை 0 என்றும் +1 நிலையை 1 என்றும் எழுதுவோம். சாதாரண கேட் ஒரே திசையில்தான் ஓடும். இது பின்னோக்கியும் ஓடும். இ என்பதை 0 என்று பிடித்து வைத்தால், 0 வரக்கூடிய மூன்று உள்ளீடுகளையும் மாற்றி மாற்றிக் காட்டும்.

1. முதலில் காகித வேலை

மூன்று தாள்கள் வேண்டும்.

முதல் தாள், எடைகள், அதாவது ஒரு நியூரான் மற்றொன்றை எவ்வளவு இழுக்கிறது என்ற எண்கள். அ–ஆ இடையே −1, அ–இ இடையே +2, ஆ–இ இடையே +2. இவற்றோடு ஒவ்வொரு நியூரானுக்கும் நிலையான ஒரு பயாஸ் (தனிச் சாய்வு): அ +1, ஆ +1, இ −2. எடைகள் இரு திசையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அ-விலிருந்து இ-க்கு +2 என்றால் இ-யிலிருந்து அ-வுக்கும் +2.

இரண்டாம் தாள், எட்டு நிலைகளின் ஆற்றல் பட்டியல். ஒவ்வொரு ஜோடியின் நிலைகளையும் பெருக்கி, எடையால் பெருக்கி, ஒவ்வொரு பயாஸையும் அதன் நியூரானின் நிலையால் பெருக்கிச் சேர்த்துக் கூட்டி, குறியை மாற்றினால் ஆற்றல். ஆற்றல் குறைந்த நிலைதான் அடிக்கடி வரும். அ, ஆ, இ வரிசையில் எழுதினால் 000, 010, 100, 111 ஆகிய நான்கும் −3 என்று வரும். 110, 011, 101 மூன்றும் +1. 001 மட்டும் +9. கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பின்னால் பிழை தேடும்போது இந்தத் தாள்தான் துணை.

மூன்றாம் தாள், எந்த ரெசிஸ்டர் எங்கிருந்து எங்கே போகிறது என்ற பட்டியல். அது 6ஆம் படியில் வரும்.

இவற்றோடு எல்எம்311 (இரண்டு வோல்ட்டை ஒப்பிடும் கம்பாரேட்டர்), டிஎல்072 (சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப்), சிடி4013 (ஒரு நிலையைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்), சிடி4017 (வெளியீடுகளை வரிசையாக இயக்கும் கவுண்டர்) ஆகியவற்றின் டேட்டாஷீட்டுகளை, குறைந்தபட்சம் பின் வரிசை உள்ள பக்கத்தையாவது, அச்செடுத்து மேசையில் வையுங்கள். திரைக்கும் போர்டுக்கும் கண் தாவும்போதுதான் பின் எண்ணிக்கை தப்பும்.

2. கணினியில் ஓட்டிப் பாருங்கள்

பைத்தானில் முப்பது நாற்பது வரி போதும். மூன்று மாறிகள். வரிசையாக ஒவ்வொன்றுக்கும் கூட்டுத்தொகை போட்டு, அதோடு ஒரு காஸியன் எண்ணை (மணி வடிவப் பரவலில் தற்செயலாக வரும் எண்) கூட்டி, விடை பூஜ்யத்துக்கு மேல் என்றால் +1, கீழே என்றால் −1. இதை ஒரு லட்சம் சுற்று ஓட்டி எண்ணுங்கள்.

பாடநூல்களில் காஸியனுக்குப் பதில் சிக்மாய்டு என்ற எஸ் வடிவச் சார்பு இருக்கும். நம் கையில் இருக்கும் இரைச்சல் காஸியனுக்கு நெருக்கமானது. இரண்டையும் பொருத்த ஒரு எண் உண்டு: 1.702. அந்த அளவில் நீட்டினால் இரண்டு வளைவுக்கும் வித்தியாசம் எங்குமே 1 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் ஓரங்களில் கவனம் வேண்டும். சிக்மாய்டு 1.8 சதவீதம் சொல்லும் இடத்தில் காஸியன் 0.9 சதவீதம்தான் சொல்லும். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அந்த அரிய தாவல் பாதியாகிவிடுகிறது. ஒரு நிலையில் மாட்டிக்கொள்ளும் நேரம் இரட்டிப்பாகிறது. அதனால் இரைச்சலைத் தாராளமாக வைத்துத் தொடங்குங்கள்.

நம் சர்க்யூட்டில் எடை 1 என்பது 0.5 வோல்ட். இரைச்சலின் ஆர்எம்எஸ், அதாவது அதன் பலத்தின் அளவு, 0.85 வோல்ட். இந்த அளவில் சரியான நான்கு நிலைகளும் தலா 22 அல்லது 23 சதவீதம் வரும். 110, 011, 101 மூன்றும் தலா 3 சதவீதம் அளவில் இருக்கும். 001 ஆயிரத்தில் ஒன்றுகூட வராது. இந்த எண்களைப் பெரிதாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். இனி எல்லா வேலையும் இதற்காகத்தான்.

3. என்ன வாங்க வேண்டும், எதில் சிக்கனம் பார்க்கலாம்

மூன்று நியூரானுக்கு: எல்எம்311 மூன்று, டிஎல்072 மூன்று, டிஎல்074 (நான்கு ஆப்-ஆம்ப் உள்ளது) ஒன்று, சிடி4013 இரண்டு, சிடி4017 ஒன்று, சிமாஸ் வகை 555 (க்ளாக் துடிப்பு தரும் டைமர்) ஒன்று. 2என்3904 அல்லது பிசி547 டிரான்சிஸ்டர் ஒரு இருபது. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்: 100 கிலோ ஓமில் முப்பது, 10 கிலோ ஓமில் இருபது. 50 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) மூன்று. 100 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இருபது. மிச்சம் எல்லாம் ஏற்கெனவே உங்கள் டப்பாவில் இருக்கும்.

ஐசி எல்லாம் சேர்த்தாலும் செலவு பெரிதாக வராது. பணம் போவது பவர் சப்ளையிலும் ஆசிலோஸ்கோப்பிலும்தான். ஆசிலோஸ்கோப் இல்லாமலும் சமாளிக்கலாம், வழி 5ஆம் படியில் இருக்கிறது. பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைத் துளையில் குத்திக் கட்டும் பலகை) மட்டும் சிக்கனம் வேண்டாம். தளர்ந்த துளை ஒன்று ஒரு எடையையே காணாமல் அடித்துவிடும். அப்போதும் எல்இடி மினுக்கிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு ஐசி கூடுதலாக வாங்குங்கள். இல்லையென்றால் ஒன்று எரிந்த அன்று வேலை நின்றுவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காகிதமும் கணினியும் ஒரு மாலை. பவர் சப்ளை ஒரு மாலை. இரைச்சல் மூலம் இரண்டு வார இறுதி, இதில்தான் எல்லோரும் குறைவாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு நியூரான் முழுதாக ஒரு வார இறுதி. எடையும் க்ளாக்கும் சேர்த்து ஒன்று. எண்ணிச் சரிபார்க்க இன்னும் ஒன்று. வார இறுதியில் மட்டும் உட்கார்ந்தால் ஒன்றரை மாதம் வையுங்கள்.

4. பவர் சப்ளை

±12 வோல்ட்டும் ±5 வோல்ட்டும் வேண்டும். ஆப்-ஆம்பும் கம்பாரேட்டரும் ±12இல் ஓடும். லாஜிக் ஐசிகள் −5க்கும் +5க்கும் நடுவே ஓடும். அதாவது அவற்றின் விஎஸ்எஸ் (எதிர்மறை சப்ளை) பின் கிரவுண்டுக்குப் போகாது, −5க்குப் போகும். மொத்தம் 10 வோல்ட். இந்த சிடி வரிசை 18 வோல்ட் வரை தாங்கும்.

ஏன் இப்படி? ஃபிளிப்-ஃபிளாப்பின் க்யூ வெளியீடு நேரடியாக +5 அல்லது −5 ஆகிவிடுகிறது. அதுதான் நமக்கு வேண்டிய +1, −1. க்யூ-பார் அதன் எதிர்மறை. எதிர்மறை எடைக்குத் தனி சர்க்யூட் வேண்டாம், க்யூ-பாரிலிருந்து கம்பி இழுத்தால் போதும்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. +5 தரும் ரெகுலேட்டர் 7805இன் பின் வரிசை இன்புட், கிரவுண்ட், அவுட்புட். −5 தரும் ரெகுலேட்டர் 7905இன் வரிசை கிரவுண்ட், இன்புட், அவுட்புட். அதோடு 7905இன் உலோக முதுகு கிரவுண்ட் இல்லை, இன்புட். இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் திருகிவிடாதீர்கள்.

இரண்டாவது, என் இரண்டு மாலைகளைத் தின்றது. சிடி4013இல் செட், ரீசெட் என்று இரண்டு பின்கள் உண்டு. பயன்படுத்தாவிட்டால் ‘லோ’வில் கட்ட வேண்டும். பழக்கத்தில் கிரவுண்டில் கட்டிவிட்டேன். ஆனால் இந்த சர்க்யூட்டில் ‘லோ’ என்பது −5. கிரவுண்ட் சரியாக நடுவே நிற்கிறது, லோவும் இல்லை, ஹையும் இல்லை. ஒரு நியூரான் சிலநேரம் ஒழுங்காக ஓடும், கையை அருகில் கொண்டுபோனால் உறைந்துவிடும். கையை எடுத்தால் மறுபடி ஓடும். லாஜிக் ஐசிகளில் எந்த இன்புட்டும் கிரவுண்டுக்கும் போகக் கூடாது, காற்றிலும் தொங்கக் கூடாது. இரண்டாவது 4013இல் மிச்சமாகும் பாதிக்கும் இதே விதிதான்.

5. இரைச்சல் மூலம்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸ்–எமிட்டர் சந்திப்பைத் தலைகீழாக மின்னழுத்தினால், 7 முதல் 9 வோல்ட் அளவில் அது உடைந்து மின்சாரம் ஒழுகும். அந்த ஒழுக்கு சீராக இருக்காது, படபடக்கும். அந்தப் படபடப்புதான் நம் இரைச்சல். பேஸ் கிரவுண்டில், எமிட்டர் 100 கிலோ ஓம் வழியாக +12இல், கலெக்டர் சும்மா தொங்கட்டும். 9 வோல்ட் பேட்டரியில் இதைச் செய்துவிட்டு இரைச்சலே வரவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. அங்கே பல நேரம் சந்திப்பு உடைவதற்கே வோல்ட் போதாது. இப்படிப் பயன்படுத்திய டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் குறைந்துபோகும். காலில் ஒரு புள்ளி வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள், வேறு வேலைக்குப் போடாதீர்கள்.

+12ஐ நேராகக் கொடுக்காமல் 1 கிலோ ஓமும் 100 மைக்ரோ ஃபாரடும் வழியாக வடிகட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடாப்டரின் சீரான ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பெருக்குவீர்கள். சீராக வருவது எதுவும் இரைச்சல் ஆகாது.

எமிட்டரில் கிடைப்பது சிறிய சிக்னல். டிஎல்072இன் இரண்டு பாதிகளால் இரண்டு கட்டமாகப் பெருக்குங்கள். முதல் கட்டம் 21 மடங்கு, இரண்டாவதில் டிரிம்பாட். ஒரே கட்டத்தில் பல நூறு மடங்கு வைத்தால் அலைவரிசை சுருங்கிவிடும். டிஎல்072இன் பெருக்கமும் அலைவரிசையும் சேர்ந்த கணக்கு சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். 21 மடங்கில் 140 கிலோஹெர்ட்ஸ் மிஞ்சும், 300 மடங்கில் 10தான்.

ஒவ்வொரு பெருக்கும் கட்டத்துக்கு முன்னாலும் 1 நானோ ஃபாரட், 100 கிலோ ஓம். கம்பாரேட்டருக்கு முன்னால் 10 நானோ ஃபாரட், 10 கிலோ ஓம். இரண்டும் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடும், வீட்டு மின்சாரத்தின் ரீங்காரமும் சேர்ந்து போய்விடும். கம்பாரேட்டரின் முன்னால் ஏன் 10 கிலோ ஓம்? எல்எம்311இன் இன்புட் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். 100 கிலோ ஓம் வைத்தால் அங்கேயே 10 முதல் 25 மில்லிவோல்ட் சாய்வு வந்துவிடும். 10 கிலோ ஓமில் அது பத்தில் ஒன்றாகிறது.

இப்போது அளவீடு. சாதாரண மல்ட்டிமீட்டரின் ஏசி அளவை நம்பாதீர்கள். அது மெதுவான சைன் அலைக்காகச் செய்யப்பட்டது, நம் இரைச்சலுக்கு எதையோ சொல்லும். கம்பாரேட்டரையே அளவுகோலாக்குங்கள். ப்ளஸ் இன்புட்டில் இரைச்சல், மைனஸ் இன்புட்டில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து நிலையான வோல்ட். வெளியீடு எத்தனை சதவீத நேரம் ஹையாக இருக்கிறது என்று மைக்ரோகன்ட்ரோலரில் எண்ணுங்கள். 0 வோல்ட்டில் 50 சதவீதம் வர வேண்டும். 16 சதவீதமாகக் குறையும் வோல்ட் எதுவோ அதுதான் உங்கள் ஆர்எம்எஸ். அது 0.85 ஆகும்வரை டிரிம்பாட்டைத் திருப்புங்கள். அப்புறம் 1.7 வோல்ட் வையுங்கள், 2 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். மறுபக்கம் −0.85இல் 84, −1.7இல் 98 சதவீதத்தை ஒட்டி.

பாதிப் பேருக்கு இங்கே இரு பக்கமும் சமமாக வராது. எனக்கும் வரவில்லை. +0.85இல் 16 வந்தது, −0.85இல் 84க்குப் பதில் 90 வந்தது. காரணம், இந்தப் படபடப்பு ஒரு பக்கமாக ஊசி ஊசியாகக் குத்துவது. டிரான்சிஸ்டரை மாற்றிப் பாருங்கள், ஒரே பட்டையிலிருந்து எடுத்த இரண்டே வேறுவேறாக நடந்துகொள்ளும். இருபது வாங்கச் சொன்னது இதற்காகத்தான். 100 கிலோ ஓமுக்குப் பதில் 220, 470 என்று மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால், கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டரின் இரைச்சலை எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். ஒரே வடிவத்தில் சாய்ந்த இரண்டைக் கழித்தால் சாய்வு போய்விடும். கூடுதலாக ஒரு ஆப்-ஆம்ப் செலவு, ஆனால் நிம்மதி.

மூன்று நியூரானுக்கும் மூன்று தனித்தனி மூலம் வையுங்கள். வேறுவேறு நேரத்தில் மாதிரி எடுப்பதால் ஒன்றே போதுமே என்று கணக்குக் காட்டலாம், தப்பில்லை. ஆனால் பிழை தேடும்போது எந்தத் தொடர்பு எடையால் வந்தது, எது பொது இரைச்சலால் வந்தது என்று பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

6. நியூரானும் எடைகளும்

கம்பாரேட்டரின் வெளியீடு 4013இன் டி பின்னுக்குப் போகிறது. க்ளாக் ஏறும்போது அந்தக் கணத்து முடிவு பிடிபட்டு, அடுத்த க்ளாக் வரை நிற்கும். இதுதான் நியூரான்.

எல்எம்311இல் மூன்று விஷயம். வெளியீடு ஓப்பன் கலெக்டர், +5க்கு ஒரு 2.2 கிலோ ஓம் புல்-அப் இல்லாமல் எதுவும் வராது. பின் 1, பெயர் கிரவுண்ட் என்றாலும், −5க்குப் போக வேண்டும். பின் 5ஐயும் 6ஐயும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அலைபாயும்.

எடைகளைக் கூட்டுவது டிஎல்074இன் ஒரு ஆப்-ஆம்ப், இன்வெர்ட்டிங் வகை. ஃபீட்பேக் 10 கிலோ ஓம். ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால் ±5 வோல்ட் பத்தில் ஒன்றாகி ±0.5 ஆகும். அதுதான் எடை 1. எடை 2 வேண்டுமா, இரண்டு 100 கிலோ ஓமைப் பக்கவாட்டில் வையுங்கள். 50 கிலோ ஓம் தேடி அலைய வேண்டாம். ஒரே மதிப்பில் எல்லா எடையும் வந்தால் பிழையும் ஒரே மாதிரி இருக்கும்.

இப்போது அந்த மூன்றாம் தாள்:

அ-வின் கூட்டும் முனைக்கு: ஆ-வின் க்யூ-பாரிலிருந்து ஒன்று, இ-யின் க்யூவிலிருந்து இரண்டு, +5இலிருந்து ஒன்று.

ஆ-வின் முனைக்கு: அ-வின் க்யூ-பாரிலிருந்து ஒன்று, இ-யின் க்யூவிலிருந்து இரண்டு, +5இலிருந்து ஒன்று.

இ-யின் முனைக்கு: அ-வின் க்யூவிலிருந்து இரண்டு, ஆ-வின் க்யூவிலிருந்து இரண்டு, −5இலிருந்து இரண்டு.

மொத்தம் 14. குத்திய பிறகு எண்ணிப் பாருங்கள்.

கூட்டும் ஆப்-ஆம்ப் குறியை மாற்றிவிடுமே என்று தோன்றும். மாற்றும்தான். அதனால்தான் அதன் வெளியீட்டைக் கம்பாரேட்டரின் மைனஸ் இன்புட்டில் கொடுக்கிறோம். மைனஸும் மைனஸும் சேர்ந்து சரியாகிவிடுகிறது. இடம் மாற்றிக் குத்தினால் வலை, ஆற்றல் அதிகமுள்ள நிலையைத் தேடி ஓடும். +9 என்று எழுதிய 001தான் எந்நேரமும் நிற்கும்.

ஃபீட்பேக்கில் ஒன்றுக்குப் பதில் இரண்டு 10 கிலோ ஓமைத் தொடராக வைத்து, ஒன்றின் மேல் ஒரு ஜம்பர் போடுங்கள். ஜம்பர் இருந்தால் எடை 1 என்பது 0.5 வோல்ட், எடுத்துவிட்டால் 1 வோல்ட். இரைச்சலைத் தொடாமலே வலையைக் குளிரவைக்கும், அதாவது முடிவில் இரைச்சலின் பங்கைக் குறைக்கும், சுலப வழி இது. பின்னால் உதவும்.

7. க்ளாக்: ஒருவர் பின் ஒருவராக

என் மூன்று வாரம் போனது இங்கேதான். மூன்று ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரே க்ளாக் கொடுத்திருந்தேன். என்ன ஆகும் என்று தாளை வைத்துப் பாருங்கள். நிலை 110 என்று வையுங்கள். இ பார்க்கிறது, இரண்டும் 1, நான் 1 ஆக வேண்டும். அதே கணத்தில் அ-வும் ஆ-வும் பார்க்கின்றன, இ 0, நாங்கள் 0 ஆக வேண்டும். மூன்றும் சேர்ந்து திரும்பினால் 001. அங்கே மறுபடி மூவருக்கும் தங்கள் நிலை தப்பாகத் தெரிகிறது, மறுபடி சேர்ந்து திரும்பி 110. இரண்டுமே தப்பான நிலை, இரண்டுக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. ஒருவர் மாறி முடித்ததை அடுத்தவர் பார்த்த பிறகுதான் அவர் மாற வேண்டும்.

சிடி4017 இதற்கே பிறந்தது. 555இலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் க்ளாக்கைப் பின் 14இல் கொடுங்கள். பின் 3, 2, 4 ஆகிய மூன்றும் வரிசையாக ஒவ்வொன்றாக ஹை ஆகும், அவை மூன்று நியூரானின் க்ளாக். நான்காவது வெளியீடான பின் 7ஐ ரீசெட்டான பின் 15இல் கட்டினால் மூன்றோடு திரும்பிவிடும். பின் 13 −5க்கு. நொடிக்கு 1,000 சுற்று கிடைக்கும்.

சிமாஸ் 555 வாங்கச் சொன்னதற்குக் காரணம், பழைய 555 ஒவ்வொரு முறை மாறும்போதும் சப்ளையில் ஒரு குத்து விடும். அந்தக் குத்து இரைச்சல் பெருக்கியில் ஏறினால், மாதிரி எடுக்கும் அதே கணத்தில் இரைச்சல் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு ஐசியின் காலடியிலும் 100 நானோ ஃபாரட் வையுங்கள். க்ளாக் பகுதி போர்டின் ஒரு ஓரம், இரைச்சல் பகுதி மறு ஓரம். நடுவில் கம்பாரேட்டர்.

8. எண்ணுதல்

±5 வோல்ட்டை மைக்ரோகன்ட்ரோலரின் பின்னில் நேராகக் கொடுத்தால் பின் போய்விடும். ஒவ்வொரு க்யூவுக்கும் 100 கிலோ ஓம் வழியாக ஒரு பிசி547 வையுங்கள். எமிட்டர் கிரவுண்டில், கலெக்டரில் புல்-அப். எமிட்டரிலிருந்து பேஸுக்கு ஒரு 1என்4148 டையோடு, −5 வரும்போது பேஸைக் காக்க. வெளியீடு தலைகீழாக வரும், புரோகிராமில் திருப்பிக்கொள்ளலாம். இ-யின் க்ளாக் ஏறி 100 மைக்ரோ நொடி கழித்து மூன்றையும் படியுங்கள், அப்போது எதுவும் மாறிக்கொண்டிருக்காது.

ஒரு லட்சம் சுற்று எண்ண 100 நொடி ஆகும். ஆயிரம் மாதிரி பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும்.

எதிரே ஒட்டியுள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். எட்டும் 12.5 சதவீதத்தை ஒட்டி வந்தால் எடைகள் கம்பாரேட்டரை எட்டவில்லை. 001 நிரம்பி வந்தால் இன்புட் இடம் மாறிவிட்டது. 110, 001 இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் க்ளாக் வரிசையில் தப்பு. 010க்கும் 100க்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அ, ஆ இரண்டில் ஒன்றின் இரைச்சல் சாய்ந்திருக்கிறது அல்லது ஒரு ரெசிஸ்டர் துளையில் உட்காரவில்லை. சரியான நான்கும் தலா 20க்கும் 25க்கும் நடுவே வந்தால் வலை வேலை செய்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது இ-யின் ரீசெட் பின்னை −5இலிருந்து எடுத்து +5இல் கட்டுங்கள். இ 0இல் நிற்கும். அ, ஆ இரண்டும் 00, 01, 10 ஆகிய மூன்றிலும் தலா 32 சதவீதம் அளவில் சுற்றும், 11 மட்டும் 4 சதவீதம். அப்புறம் ரீசெட்டை −5க்குத் திருப்பிவிட்டு, செட் பின்னை +5இல் கட்டுங்கள். 11 கிட்டத்தட்ட 79 சதவீதம் வரும். மூன்று நியூரானின் ஜம்பர்களையும் எடுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள், 96க்கு மேல் ஏறும்.

ஜம்பர் இல்லாமல், இ-யை விடுவித்து, க்ளாக்கை நொடிக்குச் சில சுற்றாகக் குறைத்து எல்இடிகளையும் ஒருமுறை பாருங்கள். 00, 01, 10 மூன்றுக்கும் நடுவே துள்ளிக்கொண்டிருக்கும். திடீரென்று மூன்றும் எரிந்து அப்படியே நிற்கும். பத்து சுற்று, இருபது சுற்று. உறைந்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். 111இலிருந்து வெளியே வர ஒரு தப்பான நிலையைத் தாண்ட வேண்டும், குளிர்ந்த வலைக்கு அது கடினம், சராசரியாக முப்பது சுற்றுக்கு மேல் ஆகும். ஜம்பரைப் போட்டுப் பாருங்கள், நாலைந்து சுற்றில் கிளம்பிவிடும்.

9. மூன்றுக்கு மேல் போக நினைத்தால்

எல்லோரும் எல்லோரோடும் இணையும் வலையில் நியூரான் பத்து என்றால், இரு திசையும் எண்ணினால், இணைப்பு 90. பிரெட்போர்டு அதைத் தாங்காது, பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) போட்டுவிடுங்கள். எடைகளை மாற்ற டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: அதன் முனைகள் எதிர்மறை வோல்ட்டைத் தாங்குமா? எம்சிபி41010 போன்றவை தங்கள் சப்ளைக்குள் உள்ள வோல்ட்டை மட்டுமே ஏற்கும், −5 பட்டால் கெட்டுவிடும். எக்ஸ்9சி103 முனைகளில் ±5 வோல்ட் வரை தாங்கும், 100 படிகள் உண்டு.

எடைகளைக் கணினியில் கற்றுக்கொடுத்துவிட்டு போர்டில் ஏற்றாதீர்கள். மாதிரிகளை போர்டிலிருந்தே எடுத்து, அந்த எண்ணிக்கையை வைத்துக் கணினி எடையைத் திருத்தி, திருத்தியதை மறுபடி போர்டில் ஏற்றும்படி சுற்று அமையுங்கள். அப்போது சாய்ந்த இரைச்சல், சற்றே விலகிய ரெசிஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்தே வலை கற்றுக்கொள்ளும். பத்து நியூரானின் டிரிம்பாட்டையும் கையால் மில்லிவோல்ட் சுத்தமாகத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, 5ஆம் படியின் அளவீடு 2, 3 சதவீதத்துக்குள் வந்தால் போதும்.